மூன்று விரல்

பனி வேண்டியிருந்தது.
சேலத்தில் பனிக்கு எங்கே போவது?
ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில்
செட்டிச்சாவடிப் பக்கம் பஸ் இறங்கி
மேக்னசைட் சுரங்கத்தின் வெள்ளைக் கழிவு மேட்டை
வேலிக்கு வெளியே நின்று
நாற்பத்தோரு படம் எடுத்தேன்.
கண் கூசியது. செருப்புக்குள் கால் வெந்தது.
அன்றிரவு அதைத்தான்
சியர்ரா நெவாடா மலைமேல் போர்த்தினேன்,
ஆயிரத்து எண்ணூற்று எழுபத்திரண்டு, ஜனவரி.
கொஞ்சம் நீலம் சேர்த்ததும் குளிர்ந்துவிட்டது.

பகலில் லீ பஜாரில்
மஞ்சள் மண்டிக்கு பில் போடுகிறேன்.
குவிண்டால், கழிவு, வண்டி வாடகை.
நக இடுக்கு மஞ்சள் போகாமலே
இரவில் தண்டவாளம் போடுகிறேன்.
நாலடி எட்டரை அங்குலம்.
சூரமங்கலத்து அகலத்துக்குப் பழகிய கண்ணுக்கு
அது சோறு பத்தாத பிள்ளை மாதிரி தெரிகிறது.
மைலுக்கு நூற்றுப் பதினாறு அடி ஏற்றம்.
விறகு தின்னும் எஞ்சின்,
தலையில் புனல் செருகிய புகைபோக்கி,
முன்னால் மாடு தள்ளும் கம்பிச் சட்டம்.
அதன் மணியோசை மட்டும்
செவ்வாய்ப்பேட்டைப் பாத்திரக் கடையில்
ஒரு வெண்கலப் பானையை
வாங்குகிறவள்போல் மூன்று முறை தட்டிப்
பதிவு செய்துகொண்டு வந்தது.
கடைக்காரர் இன்னும் என்னை எதிர்பார்க்கிறார்.

"இத்தனை மெனக்கெடறவ
ஏற்காட்டுக்கு ஒரு ரயில் விடலாமில்ல?"
என்கிறாள் மாடி வீட்டு அம்சவேணி.
ஜன்னலில் சேர்வராயன் நிற்கிறது,
கொண்டை ஊசி வளைவுகளில் கடைசி பஸ்ஸின் விளக்கு
தெரிவதும் மறைவதுமாய்.
அதற்குத்தான் பாதை இருக்கிறதே என்கிறேன்.

அந்தக் காலத்தில் அங்கே ஊருக்கு ஊர் மணி வேறு.
சூரியன் தலைக்கு மேல் வந்தால் அந்த ஊருக்குப் பன்னிரண்டு.
ஒரே வேகத்தில் ஓடிய வண்டி
மேற்கே போகையில் குறைவாகவும்
கிழக்கே வருகையில் கூடுதலாகவும் நேரம் காட்டியது.
மூன்று நாள் திருத்திய பிறகே புரிந்தது
வண்டிமேல் பிழையில்லை.

ஒரு வியாழக்கிழமை
கீழ்வீட்டு சூசைராஜ் வந்து உட்கார்ந்தார்,
ஜோலார்பேட்டை வரை சரக்கு ஓட்டிவிட்டு, கைலியோடு.
ரெகுலேட்டரைத் தொட்ட விதத்திலேயே தெரிந்தது
இது விளையாட்டு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.
இறக்கத்தில் பட்டனை அழுத்தினார். நின்றது.
"எப்பிடி நின்னுச்சு?"
"பிரேக் போட்டீங்களே."
"இதுல காத்து பிரேக் ஏது?
யாரும்மா புடிச்சது?"

விசில் ஒரு முறை அடித்தால்
கூரைமேல் ஓடுவார்கள்,
பெட்டிக்குப் பெட்டி தாவி,
உறைந்த பலகைமேல் நின்று
சக்கரம் திருகிப் பிடிப்பார்கள்.
படித்திருந்தேன். போடவில்லை.
ஒரு பட்டனுக்குள் அடக்கி வைத்திருந்தேன்.

இரண்டு வாரம் ஆட்களைச் செய்தேன்.
எல்லாருக்கும் ஒரே முகம்,
மண்டியில் மூட்டை தூக்கும் பழனியாண்டியுடையது,
சம்மதத்தோடு, ஒரு டீக்கு.
தாடி மட்டும் மாற்றினேன்.
பதினாலு பெட்டி, ஆறு பேர். கணினி திணறியது.
பெட்டிகளுக்கு நடுவே நின்று
இரும்பு வளையத்தைக் கையால் மாட்டுகிறவனும்
வேண்டுமே.
பாரம் குறைக்க எதை வெட்டலாமென்று தேடி
அவன் கையில் இரண்டு விரலை எடுத்தேன்.
அத்தனை தூரத்திலிருந்து யார் எண்ணப்போகிறார்கள்.

சூசைராஜ் எண்ணினார்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரைக்குக் குனிந்து.
நானே முந்திக்கொண்டேன்:
"அப்புறமா சேத்துடறேன்."

"வேணாம்.
அந்த வேலை பாத்தவனுக்கு
மூணுதான் இருந்திருக்கும்."

விசில் இரண்டு. பிரேக் விட்டார்கள்.
செட்டிச்சாவடிப் பனிக்குள் நகர்ந்தோம்.

காலையில் மண்டி வாசலில்
எத்தனை மூட்டை என்றதற்கு
பழனியாண்டி கையை விரித்துக் காட்டினார்.
பில் போடாமல்
ஒவ்வொன்றாய் எண்ணினேன்.
அஞ்சு.