அஞ்சடி

அஞ்சடி என்கிறோம்.
அளந்து பார்த்தால்
ஒன்று ஐந்தடி மூன்றங்குலம்,
அடுத்தது ஆறரை,
முடிதிருத்தகத்துக்கு முன்னால் மட்டும்
நாலே முக்கால்.
அங்கே தூண் கொஞ்சம் தின்றுவிட்டது.

மழையிலும் வெயிலிலும் எவரும் நடக்க
வாசலில் வழி விடு என்று
இருநூறு வருடத்துக்கு முன்
ஒரு வெள்ளைக்காரக் காகிதம்.
காகிதத்திலிருந்து வழி வந்தது.
வழியில் தையல் மெஷின் வந்தது,
செருப்புத் தைப்பவர் வந்தார்,
நடப்பவர்கள் வெயிலில் இறங்கினார்கள்.

ஜாலான் புசாரை ஒட்டிய இந்தச் சந்தில்
ஏழு கடைவீடுகள்.
இடிக்கக் கூடாது என்று பட்டியலில் ஏறியவை.
அதனால் வரைந்து வைக்க வேண்டும்.
வரைவது நான்.
நாடாவின் மறுமுனையில் ரோஸ்லி.
அவன் எண்ணுவது மலாயில்,
நான் குறிப்பது தமிழில்.
நாடாவில் அங்குலமும் சென்டிமீட்டரும்
முதுகோடு முதுகு.

முதல் நாளே கணக்கு உதைத்தது.
ஏழு வீட்டின் உள் அகலத்தையும் கூட்டினால்
நூற்றுப் பதிமூன்றடி.
தெருவில் நின்று ஒரே இழுப்பாய் அளந்தால்
நூற்று இருபத்தொன்று.
எட்டடியை எங்கே போட்டோம் என்று
ரோஸ்லி தலையைச் சொறிந்தான்.
சுவர், என்றேன்.
எட்டுச் சுவர், ஒவ்வொன்றும் ஓரடி கனம்.
வாடகை இல்லாத எட்டடி.

வீட்டுக்குப் பதினாறடி அகலம்.
அழகுக்காக அல்ல.
எங்கோ ஜொகூர்க் காட்டில் சாய்ந்த மரம்
அந்த நீளத்தில்தான் வண்டியேறியது.
உத்தரம் எவ்வளவோ அவ்வளவு அறை.
குடித்தனம் மட்டும் அந்தக் கணக்கில் நிற்கவில்லை:
பதினெட்டாம் எண் மாடியில்
ஒரு காலத்தில் பலகைத் தடுப்பு வைத்து ஒன்பது.
தடுப்பு நின்ற தடம்
தரையில் இன்னும் வெளிறிக் கிடக்கிறது.
அதையும் வரைந்தேன்.

முகப்பில் நான்கு சுதைக் கிளிகள்.
ஒன்றுக்கு அலகில்லை.
அலகில்லாமலே வரைந்தேன்.
அலுவலகத்தில் யாரோ திருத்தி
அலகு வைத்துவிட்டார்கள்.
மறுநாள் அழித்தேன்.

பதினாலாம் எண், கூ சியூ ஹோங்:
கீல், தாழ்ப்பாள், பூட்டு.
பதினாறாம் எண், அபுதாகிர்:
வெங்காயம், புளி, பாசுமதி.
இருவருக்கும் ஒரே சுவர்.
அவர் அத்தா கல்லாவுக்கு ஒரு மாடம் குடைந்தார்.
அந்தப் பக்கம் அவள் அப்பா
சாமிக்கு ஒன்று குடைந்தார்.
ஒருவருக்கொருவர் தெரியாமல், அதே இடத்தில்.
நடுவில் மிஞ்சியது ஒற்றைச் செங்கல்.

அபுதாகிர் அலமாரிக்கு அடித்த ஆணி
அந்தப் பக்கம் முனை நீட்டியது.
சண்டைக்கு வருவாள் என்று
இரண்டு நாள் கடையில் மெதுவாகப் பேசினாராம்.
சியூ ஹோங் அதில் நாட்காட்டியை மாட்டிவிட்டாள்.
பதினோரு வருடமாகிறது.
அலமாரியை மாற்றலாம்தான், என்கிறார்,
ஆணியைப் பிடுங்கினால்
அங்கே தேதி விழும்.

சுவரென்றால் தாளில் இரண்டு கோடு,
இடையே சாய்கோடுகள்.
அந்த இடத்தில் சாய்கோட்டுக்கு இடமில்லை.

கடைசி நாள்.
பதினாலின் மாடியில், வாசலுக்கு நேர் மேலே,
பலகைத் தரையில் உள்ளங்கை அளவு ஒரு மூடி.
நெம்பினேன். துளை.
கதவைத் தட்டுவது யாரென்று
கடன்காரனா, மாப்பிள்ளை வீடா என்று
மேலிருந்தே பார்த்துக்கொள்ள.
மண்டியிட்டேன்.
ஒரு வகிடு போயிற்று.
ஒரு வழுக்கை.
சாப்பாடு கொண்டுபோகும் பையனின் பச்சை ஹெல்மெட்.
ஒரு குடை, உள்ளே யாரோ சிரித்தார்கள்.
முகமே இல்லாத ஊர்.

பிறகு ரோஸ்லி வந்து நின்றான்.
அண்ணாந்தான்.
நான் நாடாவை இறக்கினேன்.
பிடித்துக்கொண்டு தரைக்குக் குனிந்து
மலாயில் கத்தினான்:
பதினொன்றடி நாலங்குலம்.

படிவத்தில் தூணுக்குக் கட்டம் உண்டு,
சன்னலுக்கு, ஓட்டுக்கு, கிளிக்குக்கூட.
இதற்கு இல்லை.
'இதர' என்பதன் கீழ் எழுதினேன்:
துளை ஒன்று.
நாலங்குலச் சதுரம்.
வேலை செய்கிறது.