கணக்கு உதைக்கிறது

பத்து நாற்பது. அகுரேரியில் இன்னும் விடியவில்லை.
ஜனவரியில் அதை யாரும் புகாராகச் சொல்வதில்லை.
புகார் வேறு:
எரிமலைக்குக் காது வைத்திருக்கும் எங்கள் பெட்டி
பத்து இருபதிலிருந்து ஒரு வரியும் எழுதவில்லை.

பனியாற்றின் மேலிருந்து பிரின்யார் பேசினான்.
பாதி வார்த்தையைக் காற்று தின்றது.
"ஸ்டெய்ன்வோர்... கருவி நல்லா... கேபிளும்..."
கருவி நன்றாகத்தான் இருக்கிறது, பிரின்யார்.
மலை சொல்லிக்கொண்டுதான் இருக்கும்.
குறித்துக்கொள்ள இங்கே இடமில்லை.

கறுப்புத் திரை. சிமிட்டும் ஒரு கட்டம்.
டி, எஃப். ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, ஒரு ஹெச்:
மனிதருக்குப் புரிகிற எண்ணாகச் சொல் என்று
பணிவாகக் கேட்கும் எழுத்து அது.
சொன்னது.
மொத்தம் நானூற்று அறுபது ஜிபி.
செலவு நானூற்று அறுபது.
மிச்சத்துக்கு நேராக ஒரு சுழி.
எள் விழ இடமில்லை.

யார் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது?
டி, யூ.
இது வேறு ரகம். வீடு வீடாகப் போகும்.
ஒவ்வொரு கோப்புறையாகக் கதவு தட்டி
உள்ளிருப்பதை எடை போட்டு வெளியே வரும்.
காபி போட்டு வந்தேன். போய்க்கொண்டிருந்தது.
கம்புரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்று முடித்தேன்.
தெருவில் பனி வாரும் வண்டி இரண்டாம் முறை திரும்பியது.
அப்புறம் சொன்னது:
இருநூற்று நாற்பத்தேழு.

மின்கட்டண உறையின் பின்பக்கம் கழித்துப் பார்த்தேன்.
கணக்கு உதைக்கிறது.
நிரம்பிவிட்டது என்கிறது ஒன்று,
பாதிக்குச் சற்று மேல்தான் என்கிறது மற்றது,
இரண்டுக்குமே பொய் சொல்லத் தெரியாது.
எங்கே அந்த இருநூற்றுப் பதின்மூன்று?

யார் கையில் எது திறந்திருக்கிறது என்று
பட்டியல் கேட்டேன். நீளமாக வந்தது.
நடுவில் ஒரு வரி. அதன் ஓரத்தில்
அழிக்கப்பட்டது என்ற குறிப்பு.

போன மார்ச்சில் அழித்தவள் நான்தான்.
அன்று போனது பெயர் மட்டும்.
உடம்பை ஊல்ஃபாரின் நிரல் பிடித்துக்கொண்டிருந்தது,
நானூற்றுப் பன்னிரண்டு நாளாக, விடாமல்.
பெயரில்லாததால் வீடு வீடாகப் போனதற்குத் தெரியவில்லை.
கை விடாததால் இடம் திரும்பி வரவில்லை.
ஊல்ஃபார் இலையுதிர் காலத்திலேயே பெர்கனுக்குப் போய்விட்டான்.
கேக் வெட்டினோம். சாவியைத் தந்தான்.
இதைத் தர மறந்திருக்கிறான்.

கொல்வதற்கு முன் எட்டிப் பார்க்க ஒரு வழி உண்டு,
நிரலின் எண் வழியாக.
பார்த்தேன்.

மூன்றாம் கருவி: அசைவில்லை.
மூன்றாம் கருவி: அசைவில்லை.
மூன்றாம் கருவி: அசைவில்லை.

நொடிக்கு நூறு முறை.
மூன்றாம் கருவியைப் பிரின்யார் கழற்றிக் கொண்டுவந்து
ஒரு வருடத்துக்கு மேலாகிறது. என் மேசைக்கடியில் கிடக்கிறது.
சில நாள் அதன்மேல் கால் வைத்துக்கொள்கிறேன்.

ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்றே எழுதி
இடம் முழுவதையும் நிரப்பியிருக்கிறது.
சிரிப்பு வந்தது. நகல் எடுத்து அவனுக்கு அனுப்பலாம் என்றால்
வைப்பதற்கு இடம்?

கொல் என்பதுதான் கட்டளையின் பெயர்.
வைத்தவர்கள் வேறு சொல் யோசித்திருக்கலாம்.
அடித்தேன்.

மறுபடி டி, எஃப்.
ஐம்பத்து நான்கு விழுக்காடு.
பன்னிரண்டு இரண்டுக்குப் பெட்டி எழுதத் தொடங்கியது.
பன்னிரண்டு நான்குக்கு ஒரு நடுக்கம், புள்ளி ஏழு.
யார் கோப்பையிலும் காபி தளும்பியிருக்காது.

பணிப்பதிவேட்டில் ஒரு கட்டம் காலி:
பத்து இருபது முதல் பன்னிரண்டு இரண்டு வரை.
பேனா தானாகவே அ என்று தொடங்கியது.
அடித்துவிட்டு எழுதினேன்:
தெரியாது.

"இறங்கட்டுமா?" என்றான் பிரின்யார்,
இந்த முறை முழுதாகக் கேட்டது.