விளம்பரத்தின் கடைசி வரி

நான்கு வருஷம் படித்தேன்.
வேலை விளம்பரத்தின் கடைசி வரியில் இருந்தது:
மோட்டார் சைக்கிள் உரிமம் அவசியம்.

பிளான்டயரில் எந்த வகுப்பறையிலும்
கிளட்ச் பற்றி ஒருவரும் பேசவில்லை.
கொள்ளைநோயின் வளைவு எப்படி ஏறும், எங்கே திரும்பும் என்று
சுண்ணக்கட்டி தேயத் தேய வரைந்தார்கள்.
நிஜ வளைவில் வண்டியை எவ்வளவு சாய்ப்பது
என்பது தேர்வுக்கு வராத பாடம்.

எங்கள் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர்.
வெசி ஜெனீவாவுக்கு எழுதிக்கொண்டே இருக்கிறாள்,
பிரெஞ்சு வினைச்சொற்களைக் குளியலறைக் கதவில் ஒட்டிவைத்து
பல் துலக்கும்போது திணறுகிறாள்.
பெட்சன் மருந்துக் கம்பெனியில் சேர்ந்து
டை கட்டிய படம் அனுப்பினான்.
முடிச்சு தப்பு. யாரும் சொல்லவில்லை.
டமாண்டாவுக்குப் புள்ளியியல். எண்களோடு அவள் பேசுவது
கோழிகளோடு பேசுவது மாதிரி, அதட்டலும் கொஞ்சலுமாக.
ஐந்து வருஷத்தில் எங்கே இருப்பாய் லுசாயோ என்று
வேலைவாய்ப்பு நாளில் என்னையும் கேட்டார்கள்.
எனக்கு அந்தப் பதிவேடு ஞாபகம் வந்தது.

பயிற்சிக்கு என்னை அனுப்பியது தெற்கே, ன்சான்ஜேவுக்கு,
ஷிரே ஆற்றங்கரைச் சுகாதார நிலையத்துக்கு.
இறப்புப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றச் சொன்னார்கள்.
காரணம் என்ற கட்டத்தில்
காய்ச்சல்.
காய்ச்சல்.
மேற்படி.
மேற்படி.
ஒரு சாவுக்கு மேற்படி என்று காரணம் இருக்க முடியுமா?

நாற்பத்தோராம் பக்கத்தில் நான்கு வயதுப் பெண். மேற்படி.
சைக்கிள் டாக்சி போகும் மட்டும் போய்
மீதியை நடந்து
வீட்டைக் கண்டுபிடித்தேன்.
அவள் அம்மா சோளமாவு சலித்துக்கொண்டிருந்தாள்.
காய்ச்சலா? யார் சொன்னது?
உடம்பு சில்லிட்டுப் போச்சு,
ஒரே ராத்திரியில் வற்றிப் போனாள் என்றாள்.
கேட்டு வந்தது நீதான் முதல் ஆள்.
சல்லடை நிற்கவில்லை.

அடுத்த ஆறு மேற்படிகளும் அப்படித்தான்,
எல்லாம் அதே அடிகுழாயைச் சுற்றிய வீடுகள்.
ஜனவரியில் அதன் வாசர் தேய்ந்துபோக
சனம் ஆற்றில் முகந்திருக்கிறது.
வாசரின் விலை என் மினிபஸ் கட்டணத்தைவிடக் குறைவு.
மேலதிகாரியிடம் சொன்னேன்.
காலாண்டுக் கணக்கு முடிந்துவிட்டது அம்மா என்றார்,
கெட்டவர் இல்லை,
அவர் மேஜையில் வேறு நான்கு பதிவேடுகள் இருந்தன.
பென்சிலால் திருத்திவிட்டு வந்தேன். யாராவது அழித்திருக்கலாம்.

ஆகவே இப்போது ஓட்டப் பழகுகிறேன்.
மாவு மில் வைத்திருக்கும் ஸ்டோனர்டின் பழைய வண்டி,
மணிக்கு இவ்வளவு என்று வாடகை.
சைலன்சர் சுட்ட தழும்பு ஒன்று கெண்டைக்காலில்.
கால்பந்து மைதானத்தில் சிறுவர்கள் ஆட்டத்தை நிறுத்தி
நான் விழுவதற்காகக் காத்திருக்கிறார்கள்,
ஏமாற்றுவதில்லை நான்.

ஓர் இடத்துக்கு நூற்றுப் பதினான்கு விண்ணப்பம் என்று கேள்வி.
நேர்காணலில் என்னென்னவோ கேட்பார்கள்,
திட்டச் சட்டகம், மென்பொருள், குழுவாக இயங்கும் திறன்.
தயாரித்துத்தான் வைத்திருக்கிறேன்.

பின்சீட்டில் குளிர்ப்பெட்டி ஒன்றைக் கட்டி
தடுப்பூசிக் குப்பிகளுக்குப் பதில்
முட்டைகளை அடுக்கி ஓட்டுகிறேன்.
மூன்றாவது கியர் இன்னும் உதறுகிறது.
நேற்றுப் பன்னிரண்டில் ஐந்து உடைந்தன.
இன்று இரண்டு.
வீட்டுக்கு வந்ததும் நோட்டில் எழுதிவைக்கிறேன்.
முதல் முட்டை: காரணம், பாலத்தருகே பள்ளம்.
இரண்டாவது: அதே பள்ளம், திரும்பி வருகையில்.
மேற்படி என்று எழுதக் கை போனது.
எழுதவில்லை.