பச்சைப் புள்ளி வைத்த டயர்கள்

பஹாவில் மழை விட்ட காலை.
மூன்றாம் லேனுக்குள் கப்பல் மாதிரி நுழைகிறது அது:
கறுப்பு, உயரம், தோல் இருக்கை,
கதவைத் திறந்தால் தானே இறங்கி வரும் படி.
கோலாலம்பூரில் யாரோ ஒரு டத்தோ
ஆறு வருடம் வைத்திருந்தாராம்.
"ஹைவே தவிர வேற ரோடே தெரியாது மேடம் இதுக்கு"
என்கிறார் தரகர் குணாளன்,
எஞ்சினை அணைக்காமலே.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம்
வடமலை நிற்கிறார். வாங்கப் போகிறவர்.
செம்பனைக் குலை ஏற்றும் மூன்று லோரியில்
ஒன்றை விற்றுவிட்டு வந்திருக்கிறார்.
சட்டையில் இன்னும் கடை மடிப்பு.
போனைத் தூக்கி வீடியோ எடுக்கிறார்.

நான் குழிக்குள் இறங்குகிறேன்.
மேலிருந்து பார்ப்பவர்களுக்கு வண்டி,
கீழிருந்து பார்க்கிறவளுக்கு அதன் நடத்தை.
அச்சின் முடுக்கில் செம்மண் காய்ந்திருக்கிறது.
அதில் ஒட்டிக்கொண்டு ஓர் உதிரிப் பழம்,
சுருங்கி, எலி கடித்து.
டத்தோ எந்த ஹைவேயில் செம்பனை பொறுக்கினார்?

முன்விளக்கு ஒன்று சாலையைப் பார்க்கிறது,
மற்றது மரத்தில் ஆந்தை தேடுகிறது.
பின் பிரேக்கில் இடதும் வலதும்
பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி,
ஆனாலும் விதி விடும் வித்தியாசத்துக்குள்.
கண்ணாடிக் கறுப்பு மீட்டருக்குப் பிடிக்கவில்லை.
எல்லாம் சில்லறைக் குறை,
ஒரு மத்தியானத்தில் சரியாகிவிடும்.

டயர்கள் புதுசு.
நான்கிலும் ஓரத்தில் பச்சைப் பெயிண்ட் புள்ளி.
இவர்களை எனக்குத் தெரியும்.
செவ்வாய்க்கிழமை ஒரு வக்கீல் வண்டியில் வந்தார்கள்,
போன மாதம் ரொம்பினிலிருந்து ஒரு கான்ட்ராக்டரோடு.
வோங் கடையில் நாள் வாடகை நூற்றிருபது வெள்ளி.
சாயங்காலம் கழற்றிக்கொண்டு
பழைய மொட்டையை மாட்டி அனுப்புவார்கள்.
பூவின் ஆழம் அளக்கிறேன்: ஏழு மில்லிமீட்டர்.
தேர்ச்சி.
யாருடைய டயர் என்று கேட்கப்
படிவத்தில் கட்டம் இல்லை.

அப்போதுதான் கேட்டது,
இடது முன்சக்கரத்துக்கு மேலே,
பல்லிடுக்கில் காற்று விடுவது போல.

"எஞ்சினை அணைங்க."
"ஏர்கோன் போயிடுமே மேடம்."
"அணைங்க."
"ஒரு போன் வருது, ஒரு நிமிசம்..."

குழிக்குள் கைகட்டி நின்றேன்.
எனக்கென்ன, மாதச் சம்பளம்.

அணைத்தார்.
கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை.
பக்கத்து லேனில் இருபத்திரண்டு வயதுக் கோழி லோரி
புகையில் இருமி இருமித் தோற்றது.
அதன் டிரைவர் என்னைச் சேர்த்துத் திட்டினார்.

பிறகு என் நெற்றிக்கு மேல்
வெளிச்சக் கீற்று மெலிந்தது.
ஓர் அங்குலம். இன்னோர் அங்குலம்.
கல்யாணப் பந்தியில் பெரிய சம்பந்தி உட்காருவது மாதிரி
இடது முழங்காலை முதலில் மடித்து,
பெருமூச்சு விட்டு,
இறங்கி அமர்ந்தது
இரண்டரை டன் கௌரவம்.

வடமலையின் கை தாழ்ந்தது.
வீடியோ ஓடிக்கொண்டேதான் இருந்தது,
அவர் செருப்பைப் பிடித்தபடி.

"இந்த ரக வண்டிக்கே இது வியாதி மேடம்,
எல்லாத்துக்கும் வரும்" என்றார் குணாளன்.
அன்று காலை அவர் சொன்ன ஒரே உண்மை.

நான் எழுதிக்கொண்டிருந்தபோது
வடமலை குழி விளிம்பில் வந்து குந்தினார்.
என்ன சொல்வதென்று தெரியாமல்
அந்தப் பழத்தை எடுத்து நீட்டினேன்.
பெருவிரலால் நசுக்கிப் பார்த்தார், முகர்ந்தார்.
நான் வண்டியைப் படித்ததைவிட வேகமாக
அதைப் படித்தார்.

"எண்ணெய் வத்தி ரெண்டு வருசம் ஆச்சும்மா.
அப்பவே இது தோட்டத்துக்குள்ளதான் ஓடியிருக்கு."

பழத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.
வெள்ளைத் துணியில் கறை பிடிக்குமே என்று
நான் சொல்லவில்லை.

வியாழக்கிழமை ஒரு டாக்டரின் வண்டி வந்தது,
வெள்ளை, இதே உயரம்.
பூவின் ஆழம் ஏழு மில்லிமீட்டர்.
நான்கு பச்சைப் புள்ளிகள்.
இந்த ஊரில் ஒருமுறைகூடத் தோற்காதவர்கள்.