மட்டையைப் போடு

பாலாற்று மணலில் நான்கு பேஸ்.
மூன்று, ஆம்பூர் ஷூ கம்பெனியின் கழிவுத்தோல்.
நான்காவது என் செருப்பு.

ரிஸ்வானா இன்னும் கிரிக்கெட்டைக் கழற்றவில்லை.
மட்டை தரையைத் தட்டுகிறது,
பந்து வருமுன்பே பார்வை அக்கரை ஏறிவிடுகிறது.

கையால் அடிக்காதே,
முதலில் இடுப்பு திரும்பட்டும்,
பின்காலால் பீடித்துண்டை நசுக்குவதுபோல் என்கிறேன்.
"அத்தா முன்காலால்தான் நசுக்குவாரு மிஸ்."

பதினேழு பந்து காற்றுக்கு.
பதினெட்டாவது
டொக்.
பாலத்தூணில் பட்டது.
எருமைகள் தலைதூக்கிப் பார்த்தன.

ஓடினாள்,
மட்டையையும் தூக்கிக்கொண்டு.
போடுடி, போட்டுட்டு ஓடு!
பத்துப் பேரும் கத்தினோம்.
ஒன்று, இரண்டு, மூன்று,
என் செருப்பை மிதித்து நின்றபோதும்
மார்போடு அணைத்திருந்தாள்.

"தொலைஞ்சா யாரு மிஸ் வாங்குறது?
இருக்கிறது
ஒண்ணுதானே."