ஷீட்டுக்கு விலை இல்லை

களியக்காவிளை சந்தை முடுக்கில்
மீன்வண்டிக்கும் மதிலுக்கும் நடுவே
ஸ்கூட்டரோடு விழுந்தேன், ஒரு வெள்ளிக்கிழமை.
நான் பார்க்கவில்லை. சொன்னார்கள்.
பதினோரு நாள் கழித்துத் திருவனந்தபுரத்தில்
கண் விழித்தபோது முதலில் வந்தது
வெளிச்சம் இல்லை,
நர்ஸின் கையிலிருந்த டெட்டால்.

வாசனை என்று அதைச் சொல்ல முடியாது.
நெற்றிக்குப் பின்னால் ஒரு கை நுழைந்து
அடுக்கி வைத்திருந்ததை எல்லாம்
கவிழ்த்துப் போட்டது.

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர்.
"சமயம் எடுக்கும், மேபல்."
எவ்வளவு என்று கேட்டேன்.
அவர் பூசியிருந்த சென்ட்டில்
பதில் மூழ்கிப்போனது.

எங்கள் வீட்டுப் பின்பக்கம்
இரண்டு ரோலர், நாற்பது டிஷ், ஒரு புகைப்புரை.
ரப்பர் பாலில் அளவாக ஆசிட் விட்டால்
பதமாக உறையும்.
கூடிப்போனால் சட்டென்று திரிந்து
கட்டி கட்டியாய் நிற்கும்.
பதினாலு வருஷம் என் கை தப்பியதில்லை.

இப்போது நான்தான் அந்த டிஷ்.
நாலு வீடு தள்ளி யாரோ
பெயிண்ட் டப்பாவைத் திறந்தால் போதும்,
சொல்ல வந்தது வாய்க்குள் கட்டியாகிறது.
மகனைக் கூப்பிடக் கையை நீட்டிவிட்டு
அவன் பெயர் வரட்டும் என்று நிற்கிறேன்.
அவன் பாவம், வந்துவிடுகிறான்,
பெயர் வருவதற்கு முன்பே.

நாத்தனார் ஜெசிந்தா மகள் கல்யாணத்தில்
குந்திரிக்கம் புகைந்ததும் எழுந்து ஓடினேன்.
பட்டுச்சேலையோடு கல்லறைத் தோட்டத்து மதிலில்
உட்கார்ந்திருந்ததை ஊரே பார்த்தது.
"மீன் சந்தையில நின்னு விலை பேசினவதானே,
இப்ப சாம்பிராணிக்கு மூக்கப் பொத்தியாச்சு.
வல்லாத்த நடிப்பு."
ஜெசிந்தா இன்னும் பேசவில்லை.

இங்கே எல்லையில் குறுக்கே ஒரு கம்பு உண்டு.
லாரி வரும், நிற்கும், காகிதம் நீட்டும்,
போ என்றால் போகும்.
என் தலைக்குள்ளும் அப்படி ஒருத்தன்
முப்பத்தெட்டு வருஷம் சம்பளமில்லாமல்
நின்றிருக்கிறான் போல.
டீசல், வெங்காயம், பினாயில், ஒட்டுப்பால்,
பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியின் பவுடர்,
எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துக்
கையசைத்து அனுப்பியவன்.
அவன் இருந்ததே
அவன் போன பிறகுதான் தெரிந்தது.
இப்போது எந்த லாரியும் நிற்பதில்லை,
ஹாரன் அடித்துக்கொண்டு நேரே உள்ளே.

வென்சிலாஸ் முதலில் சோப்பை மாற்றினான்.
பிறகு சோப்பையே விட்டான்.
வெறும் தண்ணீரில் குளித்துவிட்டு
காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து
தென்னை மூட்டில் போய் நிற்பான்.
"வரட்டா?"
சில நாள் தலையாட்டுவேன். சில நாள் முடியாது.
சண்டை போட்டால்கூட
அங்கே நின்றுதான் கத்துவான்.

மழை விட்ட ஒரு வாரம்
அவன் விரலில் ஆசிட் இல்லை.
சட்டையில் புகை இல்லை, தலைமுடியிலும் இல்லை.
நான் கல்யாணம் கட்டிவந்ததே அந்த மணத்தைத்தான்.
அதைத் தேடுவேன் என்று
நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

"ஷீட் அடிக்கலியா?"
"ஷீட்டுக்கு இப்ப விலை இல்ல பிள்ளே.
பாலாட்டு குடுக்கேன், வெள்ளறடையில."

சாயங்காலம் மலையாள ரேடியோ
ரப்பர் விலை வாசித்தது.
கணக்கு எனக்கு இன்னும் மெதுவாகத்தான் வரும்.
விரலை மடக்கிப் போட்டேன்.
இரண்டு தடவை தப்பு.
மூன்றாம் தடவை வந்த தொகையை
மறுபடி போட்டுப் பார்க்க மனசில்லை.
கிலோவுக்குப் பதினாறு ரூபாய், தினமும்,
ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வருகிறான்.

கேட்கவில்லை.
வெகுநாளைக்குப் பிறகு
தலைக்குள் யாரோ கம்பைத் தூக்கி
ஒரே ஒரு பொய்யை
போகட்டும் என்று விட்டார்கள்.

ரோலரில் துரு ஏறியிருக்கிறது.
துரு எனக்குப் பொறுக்கும்.
புகைப்புரையில் ஒரு கோழி அடை கிடக்கிறது,
கிட்டே போனால்
கொத்த வருகிறது.