எண்ணூறு வெள்ளி

செந்தூலில் டயர்க்கடைக்கு மேலே, மூன்றாம் மாடி.
சுவரெல்லாம் முட்டைத் தட்டு.
மணிக்கு எண்பது வெள்ளி வாடகை.
பொத்தான் அழுத்துகிறவன் நான்.

பதினாறு வருடம் கழித்து
ஒரே மைக்குக்கு முன்னால் மூவர்.
புவனேந்திரன் கிராப்பை ஓரங்கட்டிவிட்டு
இடுப்பைப் பிடித்தபடி ஏறிவந்தான்.
தமயந்தியின் விரலில் வகுப்பறை மார்க்கர் மை.
லோகேஸ் மட்டும் பழைய தொப்பியோடு,
கழற்றவே இல்லை. ஏனென்று எல்லோருக்கும் தெரியும்.

ஐந்தாவது பாட்டு. பீட் ஓடுகிறது.
"எண்ணூறு வெள்ளியில
என் நூறு சொல்லும் பொய்யாச்சு"
புவனேன் மூச்சு வாங்குவதற்குள்
"நிறுத்து. தொள்ளாயிரம்," என்றான் லோகேஸ்.

"தொள்ளாயிரம் எதுகையில உட்காராதுடா."
"காசு மட்டும் உன் பாக்கெட்ல உட்கார்ந்துச்சா?"

பிறகு ஈப்போ. மழையில் பாதியில் நின்ற கச்சேரி,
கவரை வாங்கியது எந்தக் கை,
தாப்பாவில் வேனுக்கு யார் எண்ணெய் ஊற்றியது,
அப்போது தூங்கிக்கொண்டிருந்தது யார்.
தமயந்தி ஹெட்ஃபோனைக் கழற்றாமல்
விடைத்தாள் திருத்தினாள்.
ஒருமுறை மட்டும் சொன்னாள்: "என் பங்கை
ரெண்டு பேருமே தரல."

கேடிஎம் கடக்கும்போது கண்ணாடி அதிர்ந்தது.
நான் பதிவை நிறுத்தவில்லை.

லோகேஸ் தொப்பியைக் கழற்றி
அதிலேயே முகம் துடைத்தான்.
"சரி, எண்ணூறு. பாட்டுக்கு மட்டும்."
புவனேன் திரும்பவும் முதல் வரியிலிருந்து.
இந்தமுறை 'பொய்யாச்சு' வரவில்லை, இருமல் வந்தது.
அதையும் வைத்துக்கொண்டேன்.

சண்டைக்கு வாடகை நூற்றறுபது, என்றேன்.
இரண்டு ஆண்களும் கூரையைப் பார்த்தார்கள்.
தமயந்தி ஐம்பதை நீட்டினாள்:
"மிச்சம், ஆல்பம் வந்ததும்."